சர்வருக்கு ஊசி போட்டவர்கள்!

2025-ஆம் வருஷத்து ஆடி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். கோயமுத்தூரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோலப்பொடியைக் கையில் எடுத்தால், பொடி நம் வாசலுக்குப் போகாமல் நாலாவது வீட்டு வாசலுக்குப் போகும். அப்படி நான் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனம்மணி, இந்தக் கூத்தைக் கேட்டியா? ஞாயித்துக்கெளமையும் அதுவுமா, மத்தியானம் ஒறம்பரை வர்ற நாள்ல, எம்மருமவ திருப்பூருக்குக் கெளம்பீட்டா. ஏன் கண்ணுன்னு கேட்டா, 'சர்வருக்கு ஒடம்பு சரியில்லீங்க அத்தை, யாரோ ஊசி போட்டுட்டாங்க'ங்கிறா. சர்வருக்கு ஒடம்பு சரியில்லீன்னா ஓட்டல்காரன் பாத்துக்கோணும். இவ என்ன டாக்டரா, நர்ஸா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்த சர்வர் ஒரே ஒருவர்தான். தோளில் துண்டும் கையில் நாலு தட்டுமாக வந்து, "நெய் ரோஸ்ட் ஒண்ணு, சாம்பார் வடை ரெண்டு" என்று உள்ளே குரல் கொடுப்பாரே, அவர்!

அதற்குள் மருமகளே படியிறங்கி வந்துவிட்டாள். தலை வாரக்கூட நேரமில்லாமல் அள்ளி முடிந்த கொண்டை. தோளில் மடிக்கணினிப் பை. முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, நீங்களே அத்தைக்கு எடுத்துச் சொல்லீருங்க. நான் சொன்னா சண்டையாட்டம் ஆகுது. பொழுதோட வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

பொழுதோடு வந்தாள், வாஸ்தவந்தான். ஆனால் அன்றைக்கல்ல, செவ்வாய்க்கிழமை!

அந்த மூன்று நாளில் நடந்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். "கம்ப்யூட்டர் சமாசாரமா? எங்கள் வீட்டுக்காரர் படிக்கட்டும்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பூட்டு, சாவி, கல்லாப் பெட்டி, வீட்டில் திருட்டுப் போனால் வெளியில் சொல்வதா, மூடி மறைப்பதா... விஷயம் இவ்வளவுதான். இவற்றிலெல்லாம் நம்மைவிட அனுபவசாலிகள் யார்?

*

முதலில் சர்வர் யாரென்று பார்த்துவிடுவோம்.

ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர் அனுப்பும் அளவுத் தாள், நூல் கணக்கு, சாயப்பட்டறை ரசீது, கப்பலில் ஏற்றுவதற்கான பத்திரங்கள், ஆட்களின் சம்பளப் பட்டியல் எல்லாம் ஒரு காலத்தில் இரும்பு பீரோவில் கட்டுக்கட்டாக இருந்தன. இப்போது அவையெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டன. கட்டிங் பிரிவுக்காரர் ஒரு தாளைத் திறந்து பார்ப்பார். ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் பெண் அதே தாளைத் திருத்துவாள். முதலாளி வீட்டில் இருந்தபடியே அதைப் பார்த்துச் சரி என்பார். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் உத்தியோகம். அதனாலேயே அதற்குச் சர்வர் என்று பெயர். ஓட்டல் சர்வருக்கும் அதே காரணந்தான். ஆகவே பெரியம்மா நினைத்தது முழுத் தப்பு என்று சொல்லிவிட முடியாது!

இப்படிப் பத்துப் பேர், ஆயிரம் பேர் கூடி ஒரே தாள்களை வைத்து வேலை செய்வதற்காக மைக்ரோசாப்ட் கம்பெனி 2001-ஆம் வருஷம் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஷேர்பாயிண்ட் என்று பெயர். இதை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாப்டின் இடத்திலேயே வாடகைக்கு இருக்கலாம். அல்லது நம் கட்டடத்தில், நம் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு நாமே பராமரிக்கலாம். வாடகை வீடு, சொந்த வீடு மாதிரி. 2025 ஜூலையில் இடி விழுந்தது சொந்த வீட்டுக்காரர்களின் தலையில். வாடகைக்கு இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

அடுத்து, ஊசி.

ஒரு ஓட்டல். அங்கே வருகிறவர்களே வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். சர்வர் புதுப் பையன். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒன்று விடாமல் செய்கிறவன். ஒரு போக்கிரி வந்து உட்கார்ந்து, 'இரண்டு இட்லி, ஒரு காப்பி' என்று எழுதுகிறான். அதற்குக் கீழே, 'பிறகு கல்லாப் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மூன்றாவது மேஜைக்கு வா' என்றும் எழுதுகிறான். பையன் இட்லியைக் கொண்டுவந்து வைக்கிறான். காப்பியைக் கொண்டுவந்து வைக்கிறான். சாவியையும் கொண்டுவந்து வைக்கிறான்!

பையன் கெட்டவனல்ல. சீட்டில் எது சாப்பாட்டுப் பண்டம், எது உத்தரவு என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இதைக் 'கோட் இன்ஜெக்‌ஷன்' என்கிறார்கள். கோட் என்பது இயந்திரத்துக்கு எழுதும் உத்தரவு. வெறும் தகவல் மட்டும் போகவேண்டிய வழியில், ஊசியில் மருந்து ஏற்றுவதுபோல் உத்தரவை ஏற்றிவிடுவதால் அந்தப் பெயர். இது புது வியாதியும் அல்ல. படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் உத்தரவை எழுதினால் உள்ளே இருக்கும் கணக்குப் புத்தகத்தையே புரட்டிவிடலாம் என்று 1998-ஆம் வருஷமே ஒருவர் எழுதிவிட்டார். இணையதளங்களைப் பிடிக்கும் பெரிய அபாயங்கள் பத்து எவை என்று ஓவாஸ்ப் என்ற தர்ம ஸ்தாபனம் சில வருஷங்களுக்கு ஒருமுறை பட்டியல் போடுகிறது. 2010, 2013, 2017 ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதல் இடம் இந்த ஊசிக்குத்தான்.

*

இனி ஷேர்பாயிண்ட் கதைக்கு வருவோம்.

2025 மே மாதம் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஒரு விசித்திரமான போட்டி நடந்தது. கெட்டிக்காரர்கள் மேடையேறி, பெயர் பெற்ற கம்பெனிகளின் பூட்டுகளை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்ட வேண்டும். திறந்தால் பரிசு. ஆனால் எப்படித் திறந்தோம் என்ற ரகசியத்தைப் பூட்டுச் செய்தவருக்கு மட்டுந்தான் சொல்லலாம். அவர் அதைச் சரி செய்வதற்கு அவகாசம் கொடுக்கப்படும். நல்ல ஏற்பாடுதானே? அந்த மேடையில் வியட்நாம் நாட்டு வியட்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டின் ஹோ ஆன் கோவா என்பவர் ஷேர்பாயிண்டைத் திறந்து காட்டி, ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார்.

ஜூலை 8-ஆம் தேதி மைக்ரோசாப்ட் அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது. நாம் முழங்கையில் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோமே, கம்ப்யூட்டரிலும் அதற்கு 'பேட்ச்' என்றுதான் பெயர். ஆனால் அந்த ஒட்டின் ஓரத்தில் தையல் சரியாக விழவில்லை. ஒட்டைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தது. ஜூலை 18, வெள்ளிக்கிழமை, நாமெல்லாம் ஆடி முதல் வெள்ளி என்று மாவிளக்குப் போட்டுக்கொண்டிருந்த அன்று, உலகம் முழுவதும் ஷேர்பாயிண்ட் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துகொண்டிருப்பதை நெதர்லாந்தில் இருக்கும் ஐ செக்யூரிட்டி என்ற காவல் நிறுவனம் கண்டுபிடித்தது. மறுநாள் மைக்ரோசாப்ட் உண்மையை ஒப்புக்கொண்டு எச்சரிக்கை விடுத்தது. அது நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. மருமகள் ஏன் தலைவாராமல் ஓடினாள் என்று இப்போது தெரிகிறதல்லவா?

திருடர்கள் எப்படிப் புகுந்தார்கள்? மூன்று படிகள். மூன்றும் நமக்குப் பழக்கமானவைதான்.

முதல் படி, வாசற்காவலனை ஏமாற்றியது. கல்யாண மண்டபத்தில் பத்திரிகை இல்லாதவர்களை உள்ளே விடாதே என்று காவலனிடம் சொல்லியிருக்கிறது. ஒருவன் வந்து, "நான் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவனப்பா, குடையை உள்ளே வைத்துவிட்டேன்" என்கிறான். வெளியே வந்தவன் முன்பே பத்திரிகையைக் காட்டித்தானே இருப்பான் என்று காவலன் வழி விடுகிறான். சர்வரிடமும் இதே தந்திரந்தான். 'வெளியேறும் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்று முகவுரையில் எழுதிக்கொண்டு வந்தவர்களைப் பெயர், ரகசியச் சொல் எதுவும் கேட்காமல் அது உள்ளே விட்டுவிட்டது.

இரண்டாவது படி, மூட்டை. வீடு மாற்றும்போது கட்டிலைப் பிரித்துச் சட்டம் வேறு, கால் வேறு என்று மூட்டை கட்டுகிறோம். எதை எங்கே மாட்டுவது என்று ஒரு சீட்டு எழுதி அதோடு வைக்கிறோம். கம்ப்யூட்டர்களும் பெரிய சாமான்களை இப்படிப் பிரித்துக் கட்டித்தான் ஒன்றுக்கொன்று அனுப்புகின்றன. வாங்கிக்கொண்ட சர்வர் சீட்டைப் பார்த்து மறுபடியும் கோக்கிறது. அந்தச் சீட்டில், 'கட்டிலைக் கோத்த பிறகு பீரோவைத் திற' என்று ஒரு வரி இருந்தால்? சர்வர் திறந்துவிட்டது! இதுதான் அந்த ஊசி.

மூன்றாவது படிதான் மோசமானது. உள்ளே வந்தவர்கள் பணத்தையோ பத்திரத்தையோ முதலில் தேடவில்லை. முத்திரையைத் தேடினார்கள். சர்வர் ஒரு தாளை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும்போது, இது நாம் கொடுத்த தாள்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு ரகசிய முத்திரை வைத்திருக்கிறது. அதை இயந்திரச் சாவி என்கிறார்கள். சர்வருக்குள் 'ஸ்பின்ஸ்டால்' என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பைப் போட்டு, (நம் ஊர் ஸ்பின்னிங் மில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) அந்தச் சாவியை அச்செடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். ஜன்னல் வழியாக வந்த திருடன், வாசற்கதவுச் சாவியை மெழுகில் அச்செடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் நாம் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அவனோ சாவி போட்டுத் திறந்துகொண்டு வாசல் வழியாகவே வருவான்! ஒட்டு மட்டும் போட்டால் போதாது, சாவியையும் மாற்ற வேண்டும் என்று மைக்ரோசாப்ட் சொன்னது இதனால்தான். அமெரிக்க அரசாங்கத்தின் கணினிக் காவல் துறை, ஒட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவையும், போட்ட பிறகு இன்னொரு தடவையும் சாவியை மாற்றச் சொல்லிற்று.

நானூறுக்கு மேற்பட்ட சர்வர்களில் திருடர்களின் கைரேகை இருந்ததை ஐ செக்யூரிட்டி எண்ணிச் சொன்னது. அமெரிக்காவின் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் இலாகாவும் அந்தப் பட்டியலில் இருந்ததென்று செய்தி வந்தது. சீனாவிலிருந்து வேலை செய்யும் மூன்று கூட்டங்கள் இதில் இறங்கியிருப்பதாக மைக்ரோசாப்ட் ஜூலை 22-ஆம் தேதி சொன்னது. சீனா மறுத்தது. அந்தக் கூட்டங்களில் ஒன்று, புகுந்த இடத்தில் தாள்களையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கும் வேலையையும் செய்தது.

*

இனி நம் திருப்பூருக்கு வருவோம். கம்பெனியின் பெயர் நமக்கு எதற்கு? அடுத்த வீட்டு மருமகள் வேலை பார்க்கும் இடம், அது போதும்.

அவள் அஜாக்கிரதையான பெண்ணல்ல. ஜூலை 8-ஆம் தேதி வந்த ஒட்டை அந்த வாரமே போட்டுவிட்டாள். ஆனாலும் ஞாயிறு காலையில் போய்ச் சேர்ந்தபோது அவள் முன்னால் இருந்தது, சரியான ஒட்டு இன்னும் வந்து சேராத ஒரு சர்வர். அது திங்கட்கிழமை விடியும்போதுதான் வந்தது. அதுவரைக்கும் என்ன செய்வது?

அவள் செய்த முதல் காரியம், சர்வருக்கும் வெளி உலகத்துக்கும் இருந்த வயரைப் பிடுங்கியது.

மேனேஜர் ஓடி வந்தாராம். "என்னம்மா இது? நாளைக்குக் கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போகோணும். பேப்பரெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. நீ பாட்டுக்குப் புடுங்கிப்போட்டா, லேட்டானதுக்கு நீயா பதில் சொல்லுவே?"

"சொல்றனுங்க சார்" என்றாளாம் இவள். இருபத்தேழு வயசுப் பெண். சொல்லிவிட்டுக் கை நடுங்கியது என்று என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். வந்தவர் யார், எந்த வழியாக வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று சர்வர் தானே குறித்து வைக்கும். பல்லாயிரம் வரிகள். மத்தியானச் சாப்பாடு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த வரி அகப்பட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு மேல், 'வெளியேறும் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். அந்தச் சின்னக் கோப்பும் உட்கார்ந்திருந்தது.

"வயித்துல கல்லைத் தூக்கிப் போட்டாப்ல இருந்துச்சுங்க்கா. நான் என்ன தப்புப் பண்ணுனேன், என்ன தப்புப் பண்ணுனேன்னு அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

தப்பு அவளுடையதல்ல. ஆனால் வீட்டில் திருட்டுப் போனால், தாழ்ப்பாள் போட்டவளைத்தானே முதலில் எல்லோரும் பார்க்கிறார்கள்!

மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். "ஒரே ஒரு ஃபைல்தானே? அழிச்சுப்போடு. நாளைக்கு ஒட்டு வந்ததும் போட்டுரு. வெளிய மூச்சு விட வேண்டாம். பையருக்குத் தெரிஞ்சா அடுத்த சீஸன் ஆர்டர் வராது."

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் அந்த மேனேஜரின் பேச்சு எனக்குப் புதிதல்ல. நானே ஒரு காலத்தில் அந்தக் கட்சி. கல்யாணமான புதிதில் சாமான் அறைச் சாவியைத் தொலைத்துவிட்டேன். கோயிலுக்குப் போன இடத்தில் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. மாமியாரிடம் சொல்லப் பயந்து, இன்னொரு சாவியை வைத்துச் சமாளித்தேன். பதினெட்டு நாள். ஒவ்வொரு ராத்திரியும், சாவியை எடுத்தவன் வந்து கதவைத் திறப்பதாகச் சொப்பனம். கடைசியில் மாமியாரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. "தொலைச்ச அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே பூட்டை மாத்தியிருப்பமே. பதினெட்டு நாள் கதவைத் தொறந்து போட்டாப்ல வெச்சிருந்தயே கண்ணு!" என்றார். அந்தச் சாவியை யாரும் எடுத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் என் அதிர்ஷ்டத்தில் ஓடியது, என் புத்தியால் அல்ல.

மருமகளுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம். மேனேஜரைத் தாண்டி முதலாளி வீட்டுக்கே போன் செய்தாள். அவர் இரண்டு தையல் மெஷினோடு தொழில் ஆரம்பித்தவர். கம்ப்யூட்டர் தெரியாது. அவள் பத்து நிமிஷம் விளக்கியதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நம்ம வூட்டுச் சாவி அவங்க கையில இருக்குதா, இல்லியா? அதைச் சொல்லு கண்ணு."

"இருக்குதுன்னு வெச்சுக்கிட்டுத்தானுங்க ஐயா வேலை செய்யோணும்."

"அப்பச் சொல்லிப்போடுங்க. அரசாங்கத்துக்கும் சொல்லுங்க, பையருக்கும் சொல்லுங்க. அவங்க பேப்பரும் நம்ம பொட்டியிலதானே இருக்குது?"

அரசாங்கத்துக்குச் சொல்வது என்பது வெறும் நல்ல குணம் மட்டுமல்ல, சட்டமும்கூட. கணினித் திருட்டுகளைக் கவனிக்க 'செர்ட்-இன்' என்ற அமைப்பு மத்திய அரசில் 2004-இலிருந்து இருக்கிறது. இப்படி ஒன்று கண்ணில் பட்ட ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவிட்டது. அதெதற்கு இத்தனை அவசரம் என்று கேட்கலாம். ஒரு வீட்டில் திருடன் வந்த வழி தெரிந்தால், மற்ற வீட்டுக்காரர்கள் அன்று இரவே அந்த வழியை அடைத்துக்கொள்ளலாமே!

ராத்திரி பத்தரை மணிக்குள் அவள் எழுதி அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை விடிந்ததும் சாவி மாற்றி, ஒட்டுப் போட்டு, மறுபடியும் சாவி மாற்றினாள். அப்போதும் மனசு ஒப்பவில்லை. அந்நியன் புழங்கிய பாத்திரத்தில் சமைக்க நமக்கு மனம் வருமா? ஜூன் மாதத்து நகலை எடுத்து, சர்வரையே முதலிலிருந்து மறுபடியும் நிறுவினாள். ஏற்றுமதிப் பிரிவுப் பெண்கள் நாலு பேர் பழையபடி காகிதத்தில் பத்திரங்களை எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். கண்டெய்னர் திங்கட்கிழமைக்குப் பதில் புதன்கிழமை கிளம்பிற்று. பையர் மூன்று வாரம் கேள்விமேல் கேள்வி கேட்டார். பதில் வரும்வரை ஓர் ஆர்டரை நிறுத்தி வைத்தார். பிறகு விடுவித்தார். மருமகளுக்கு யாரும் மாலை போடவில்லை. மேனேஜர் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்வி.

*

"மைக்ரோசாப்ட் சீமைக் கம்பெனி, நம்மவர்கள் செய்தால் இப்படி வருமா?" என்று ஒருவேளை உங்களுக்குத் தோன்றலாம். வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து உலகமெங்கும் பெயர் வாங்கிய ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் சரக்குகளில் 2022-இல் இதைப் போன்ற ஓட்டை அகப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட சரக்குகளில் ஒரே ஓட்டை. காரணம், எல்லாவற்றிலும் வெளியார் எழுதிய ஒரு பழைய துண்டுப் பகுதியைச் சேர்த்திருந்தார்கள். ஒரே கடையில் வாங்கிய மிளகாய்ப் பொடி கெட்டிருந்தால் குழம்பும் கெடும், ரசமும் கெடும் அல்லவா? ஜோஹோ அதே வருஷம் ஒட்டுப் போட்டுவிட்டது. ஒட்டைப் போட்டுக்கொள்ளாமல் சோம்பியிருந்த இடங்களில் 2023-இல் திருடர்கள் புகுந்தார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் வியட்டெல் நிறுவனத்துக்காரர்தான்.

ஓட்டை இல்லாத சரக்கு என்று எதுவும் இல்லை. யார் சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள், யார் சீக்கிரம் அடைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பழசாகிப் போன சரக்குக்கு ஒரு நாள் ஒட்டுப் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். ஷேர்பாயிண்டின் 2016, 2019 பதிப்புகளுக்கு 2026 ஜூலை 14-ஐக் கடைசி நாளாக மைக்ரோசாப்ட் குறித்தது. உங்கள் வீட்டிலோ, உறவிலோ கம்பெனி நடத்துகிறவர்கள் இருந்தால், "நம்முடையது எந்த வருஷத்துச் சரக்கு? கடைசியாக ஒட்டுப் போட்டது எப்போது? சாவி மாற்றியது எப்போது?" என்று சாப்பாட்டு வேளையில் கேட்டுவையுங்கள். திருதிருவென்று விழித்தால், விஷயம் புரிந்துகொள்ளுங்கள்.

நமக்கு என்ன வேலை? இந்த ஊசி உங்கள் கைபேசிக்குள் வராது, பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், நீங்கள் வைத்தியம் செய்துகொள்ளும் ஆஸ்பத்திரி, உங்கள் மகள் சம்பளம் வாங்கும் காரியாலயம், எல்லா இடத்திலும் ஒரு சர்வர் இருக்கிறது. அதில் உங்கள் பெயரும் விலாசமும் இருக்கின்றன. ஆகவே ஒரே ரகசியச் சொல்லை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள். ஒரே சாவியால் வாசற்கதவும் பீரோவும் பூஜை அறையும் திறக்கிற மாதிரி யாராவது பூட்டுப் போடுவார்களா? கைபேசி 'புதுப்பிக்கட்டுமா?' என்று கேட்டால், 'பிறகு' என்று தள்ளாதீர்கள். அது ஒட்டுப் போடத்தான் கேட்கிறது. உங்கள் விலாசத்தையும் பிள்ளையின் பெயரையும் சரியாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், விவரம் தெரிந்தவன் என்று நம்பிவிடாதீர்கள். அந்த விவரம் எந்தச் சர்வரிலிருந்து போயிற்றோ! பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். என்னைப்போல் பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டாம்.

*

செவ்வாய்க்கிழமை பொழுதோடு மருமகள் வந்து இறங்கினாள் என்றேனே. அதற்குள் பெரியம்மாவுக்கு நான் ஓட்டல் கதை, குடைக் கதை, கட்டில் கதை எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு போனார். உள்ளே எட்டிப் பார்த்தால், வெந்நீர் கொதிக்கிறது. அடுப்பில் சூடாக அரிசிம்பருப்பு. நெய்க் கிண்ணம் பக்கத்தில்.

"சர்வர் பொழச்சுக்கிச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"பொழச்சுக்கிச்சுங்க அத்தை. சாவியெல்லாம் மாத்தியாச்சு."

"மாத்தாம இருக்க முடியுமா? ஆரு வந்து என்ன சீட்டுக் குடுத்தாலும் செய்யற பையன். அவன்கிட்டப் போயி மொதல்லயே கல்லாச் சாவியைக் குடுத்தவனைச் சொல்லோணும்" என்றார் பெரியம்மா.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். கை கழுவக்கூட இல்லை, அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மாவும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.